குண்டு இருக்கும் இடம்: டாங்கிகளின் பீரங்கியும் காப்பும்

போர்க்கருவிகளைப் பற்றிப் பேசும் நூல்களிலும் இதழ்களிலும் நாம் வழக்கமாகக் காண்பது ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஒரு நாட்டின் டாங்கி, வலப்பக்கம் மற்றொரு நாட்டின் டாங்கி. குழலின் விட்டம் 125 மில்லிமீட்டர், 120 மில்லிமீட்டர். எடை 46 டன், 62 டன். விரைவு மணிக்கு இத்தனை கிலோமீட்டர். எந்த எண் பெரிதோ அதுவே வெல்லும் என்று படிப்பவர் தாமே முடிவுகட்டிக் கொள்கிறார். அட்டவணை பொய் சொல்வதில்லை. ஆயினும் அதில் ஒரு வரிசை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அவ்வூர்தியினுள் அடுக்கப்பட்டுள்ள நாற்பது குண்டுகள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கும் உள்ளே அமர்ந்திருக்கும் மூன்று அல்லது நான்கு மனிதர்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதே அவ்வரிசை.

கவசம் துளைபடுமா என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு ஒரே விடையைத்தான் தந்திருக்கிறது. துளைக்க முடியாத கவசம் இதுவரை செய்யப்படவில்லை. ஆகவே ஒரு டாங்கியின் காப்பை அளக்க விரும்புவோர், துளைபட்ட பின் உள்ளிருப்பவர்க்கு என்ன நேர்கிறது என்று கேட்டாக வேண்டும் என்பது நம் கருத்து. இவ்வுரை அக்கேள்வியை முன்வைத்தே பீரங்கியையும் காப்பையும் ஒப்பிடுகிறது.

சொற்களைப் பற்றி முதலில் ஓரிரு வார்த்தை. 1915, 1916ஆம் ஆண்டுகளில் பிரிட்டன் இவ்வூர்தியை மறைவாகச் செய்தபோது, தொழிலாளரிடமும் ஒற்றரிடமும் உண்மையை மறைக்க, செய்யப்படுவது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தனர். மறைப்புக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியையும் போர் ஊர்தியையும் ஒருங்கே 'டாங்கி' என்று வழங்கும் தமிழர், அறியாமலே அப்பழைய பொய்யைக் காப்பாற்றி வருகின்றனர். 'பீரங்கி' என்பதோ, அதைக் கொண்டுவந்த பறங்கியரின் பெயரோடு உறவுடைய சொல். கவச ஊர்தி, பீரங்கி வண்டி, தகரி என்று வேறு பெயர்களும் வழக்கில் உள்ளன. கவச ஊர்தி என்றால் படைவீரரை ஏற்றிச் செல்லும் வண்டியும் அதனுள் அடங்கிவிடுமாதலின், இவ்வுரையில் ஊர்தியை டாங்கி என்றும், அதன் சுழலும் மேற்கூண்டைச் சுழல்மாடம் என்றும், அதில் பொருத்திய பெருங்குழலைப் பீரங்கி என்றும் வழங்குவோம்.

நம் மண்ணில் டாங்கி எத்தகைய கருவி என்பதை 1942 ஜனவரி 7ஆம் நாளின் விடியற்காலை காட்டியது. பேராக்கின் தெற்கே, துரோலாக்கிலிருந்து சிலிம் ஆற்றுப் பாலம் வரை செல்லும் சாலையில், மேஜர் ஷிமடாவின் தலைமையில் ஜப்பானிய டாங்கிகள் நிலவொளியில் வரிசையாக வந்தன. எதிர்நின்றவை 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் களைத்துப்போன அணிகள். சில மணி நேரத்தில் அந்த வரிசை இந்திய, கூர்க்கா அணிகளின் ஊடே சுமார் 30 கிலோமீட்டர் ஊடுருவிச் சென்றுவிட்டது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11இல், கோலாலம்பூர் வீழ்ந்தது. இத்தனையும் செய்த டாங்கிகளின் கவசம் எவ்வளவு? சிறிய வகையான 95ஆம் வகைக்கு மிகத் தடித்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர். சற்றுப் பெரிய 97ஆம் வகைக்குப் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் படையிடமிருந்த சிறிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியே அவற்றைத் துளைக்க வல்லது. ஆனால் அன்று அவை போதிய அளவில் இல்லை. இருந்தவை வேண்டிய இடத்தில் இல்லை. பிரிட்டிஷ் தரப்பில் டாங்கி ஒன்றுகூட இல்லை. கவசத்தின் வலிமை எதிரே நிற்பது எது என்பதைப் பொறுத்தது. தனித்து நிற்கும் எண்ணுக்குப் பொருள் குறைவு.

அதே போரில், ஐரோப்பியக் களத்தில் அமெரிக்கரின் ஷெர்மன் டாங்கி வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அது அடிபட்டவுடன் தீப்பற்றுகிறது என்ற அவப்பெயர் வீரரிடையே பரவியிருந்தது. அதன் பெட்ரோல் எந்திரமே காரணம் என்று பலரும் நம்பினர். இன்றும் நம்புவோர் உளர். படையினர் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. எரிந்தது எரிபொருளன்று. பக்கச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த குண்டுகளின் உந்துமருந்தே எரிந்தது. ஆகவே குண்டுகளை ஊர்தியின் அடித்தளத்துக்கு இறக்கி, நீர்க்கலவை நிரப்பிய உறைகளால் சூழ்ந்த பெட்டிகளில் வைத்தனர். 1945இல் கணக்கெடுத்தபோது, பழைய முறையில் குண்டு அடுக்கிய ஷெர்மன்கள் அடிபட்டால் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன என்றும், புதிய முறையில் அடுக்கியவை 10 முதல் 15 மட்டுமே எரிந்தன என்றும் தெரியவந்தது. கவசத்தின் தடிப்பு இம்மாற்றத்துக்குக் காரணமன்று. குண்டு இருந்த இடம் மாறியது, அவ்வளவே. டாங்கியின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள எண்கள் மிகக் குறைவு என்பது நம் துணிபு. ஆயினும் பின்வந்த வடிவமைப்பாளர் எல்லாரும் இவற்றை ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

போருக்குப் பின் பீரங்கிக்கும் கவசத்துக்கும் இடையே ஓட்டப்பந்தயம் விரைந்தது. 1956இல் ஹங்கேரியக் கிளர்ச்சியின்போது சோவியத்தின் டி-54 டாங்கி ஒன்று புடாபெஸ்டிலிருந்த பிரிட்டிஷ் தூதரக வளாகத்துக்குள் ஓட்டி வரப்பட்டது. அதன் கவசத்தையும் 100 மில்லிமீட்டர் பீரங்கியையும் நெருங்கி ஆராய்ந்த பிரிட்டிஷார், தம் அன்றைய பீரங்கி இதற்குப் போதாது என்று கண்டு, எல்7 எனும் 105 மில்லிமீட்டர் பீரங்கியைக் கொண்டுவந்தனர். அது பிரிட்டனின் செஞ்சூரியன், அமெரிக்காவின் எம்60, ஜெர்மனியின் முதல் லெப்பர்ட், சென்னையை அடுத்த ஆவடியில் கட்டப்பட்ட விஜயந்தா எனப் பல டாங்கிகளின் பீரங்கியாயிற்று. சோவியத் தரப்பும் வாளாவிருக்கவில்லை. 1961இல் டி-62இல் 115 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றியது. அதன் குழலின் உட்புறத்தில் சுருள்வரி இல்லை. பின்னர் 125 மில்லிமீட்டருக்குச் சென்றது.

வரியற்ற குழல் ஏன் என்பதை விளக்குவது நலம். குழலினுள் சுருள்வரி வெட்டுவது குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவதற்காக. ஆனால் இன்றைய கவசம் துளைக்கும் குண்டு உருண்டையுமன்று, குறுகிய உருளையுமன்று. டங்ஸ்டன் அல்லது செறிவிழந்த யுரேனியத்தாலான நீண்ட மெல்லிய ஈட்டி அது. வாலில் இறகுகள் உண்டு. குழலை நிரப்புவதற்காக அதைச் சுற்றி இலேசான ஓர் உறை இருக்கும். குழலை விட்டு வெளிவந்ததும் உறை மூன்றாகப் பிளந்து விழ, ஈட்டி மட்டும் நொடிக்கு 1,600, 1,700 மீட்டர் விரைவில் பறக்கிறது. இறகே அதை நேராக்குவதால் சுழற்சி தேவையில்லை. நீண்ட ஈட்டிக்குச் சுழற்சி கேடும் கூட. வெடிமருந்து எதுவும் இதனுள் இல்லை. எடையும் விரைவும் குறுகிய முனையில் குவிவதாலேயே எஃகு வழிவிடுகிறது.

மற்றொரு வகை குண்டு முற்றிலும் வேறான வழியில் செல்வது. வெடிமருந்தின் முன்முகத்தில் கூம்பு வடிவக் குழி அமைத்து அதன்மேல் செம்புத் தகட்டைப் பொருத்தியிருப்பர். வெடிக்கும் கணத்தில் அத்தகடு நசுங்கி மெல்லிய தாரையாக முன்னோக்கிப் பாயும். தாரையின் முனை நொடிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் விரைவது. குண்டு எத்தனை விரைவில் வந்தது என்பது இங்கே பொருட்டன்று. ஆகவே பெரிய பீரங்கி இல்லாமலே, தோளில் சுமக்கும் குழாயிலிருந்தும் சிறு ஏவுகணையிலிருந்தும் இதைச் செலுத்தலாம். டாங்கியைக் கொல்லும் ஆற்றல் காலாட்படை வீரன் ஒருவனின் கைக்கு வந்தது இவ்வாறுதான். ஈட்டிக்கு எதிரான காப்பும் தாரைக்கு எதிரான காப்பும் ஒன்றல்ல என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். 'இத்தனை மில்லிமீட்டர் கவசம்' என்று ஒரே எண்ணைச் சொல்லும் அட்டவணை இங்கேயே தடுமாறிவிடுகிறது.

இனி, குண்டு இருக்கும் இடம். 1970களில் பெருமளவில் வந்த சோவியத் டி-72இல் குண்டேற்றும் வீரர் இல்லை. அவர் வேலையை எந்திரம் செய்கிறது. சுழல்மாடத்தின் அடியில், தளத்தோடு தளமாகப் படுத்திருக்கும் வட்டத் தட்டில் 22 குண்டுகளும் அவற்றின் உந்துமருந்துகளும் அடுக்கப்பட்டிருக்கும். தட்டு சுழன்று வேண்டிய குண்டைக் கொண்டுவர, ஒரு கை அதை உயர்த்தும், மற்றொன்று உட்செலுத்தும். நான்காமவர் தேவையில்லை என்பதால் மாடம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் இலக்கு சிறுத்தது. எடை 41 டன்னில் நின்றது. கிழக்கு ஐரோப்பியப் பாலங்களையும் இரயில் பெட்டிகளையும் எண்ணி, பல்லாயிரக்கணக்கில் கட்ட நினைத்த படைக்கு இது மிக அறிவார்ந்த விடை. போதாததற்கு, அதே 125 மில்லிமீட்டர்க் குழலின் வழியே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு ஏவுகணையையும் செலுத்த வழிசெய்தனர். டி-72ஐ மட்டமான டாங்கி என்று இன்று எளிதாகப் பேசுவோர், அது எக்கணக்கைப் போட்டுச் செய்யப்பட்டது என்பதை அறியாதவர்.

ஆனால் அக்கணக்கில் செலவு வரவு எழுதப்பட்ட இடம் மனிதர் அமரும் இடம். டி-72இன் தலைவரும் சுடுநரும் அமர்ந்திருப்பது உந்துமருந்துத் தட்டின் மேலே. தட்டு தாழ்வாக இருப்பதால் முன்னிருந்து வரும் குண்டு அதை எளிதில் எட்டாது என்பது உண்மை. ஆயினும் தட்டில் அடங்காத எஞ்சிய குண்டுகள் சுவரோரத்திலும் இருக்கைக்குப் பின்னும் செருகப்பட்டிருக்கும். உந்துமருந்தின் உறையோ எரிந்து தீரும் பொருளாலானது. உள்ளே பாயும் தாரையின் பொறி ஒன்று அவற்றைத் தொட்டால், ஒன்று மற்றொன்றைப் பற்றவைக்க, அழுத்தம் பொங்கிச் சுழல்மாடத்தை அப்படியே பெயர்த்து எறிகிறது. தப்புவதற்கு நேரம் இல்லை.

1973 அக்டோபரில் சீனாய்ப் பாலைவனத்தில் இஸ்ரேலிய டாங்கிகள் எகிப்தியக் காலாட்படையின் ஏவுகணைகளையும் தோள்குழாய்களையும் எதிர்கொண்டபோது, அமெரிக்க டாங்கிகளின் மாடத்தைச் சுழற்றும் எண்ணெய்கூட உள்ளே தீப்பிடித்து வீரரை எரித்தது. சிறிய நாடு, பயிற்சி பெற்ற டாங்கி வீரரை இழந்தால் ஈடுசெய்ய ஆளில்லை. பிரிட்டன் தன் சீஃப்டன் டாங்கியை விற்க 1969இலேயே மறுத்துவிட்டிருந்தபடியால், ஜெனரல் இஸ்ரேல் டால் சொந்த டாங்கியை வடிவமைத்து வந்தார். 1979இல் படையில் சேர்ந்த மெர்காவாவில் எந்திரம் முன்புறம் வைக்கப்பட்டது. முன்னிருந்து வரும் குண்டு மனிதரை அடையுமுன் எந்திரத்தைக் கடக்க வேண்டும். பின்புறத்தில் ஒரு கதவு. குண்டுகள் தீத்தாங்கும் உறைகளில் பின்னே. எந்திரத்தைப் பலி கொடுத்து மனிதனைக் காப்பது என்ற முடிவு, அட்டவணையின் எந்த வரிசையிலும் ஏறாத முடிவு.

அதே காலத்தில் மேற்கு நாடுகள் கவசத்தையே மாற்றிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் சோபம் என்னும் இடத்தில் 1960களில் உருவாகி 1976இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட கலப்புக் கவசம், எஃகுக்கு நடுவே பீங்கான் போன்ற கடும்பொருள்களை அடுக்கியது. செம்புத் தாரை அவ்வடுக்குகளில் சிதைந்து போகிறது. இதை மேற்கின் தனிக் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது. சோவியத்தின் டி-64 அதற்கு முன்பே எஃகுக்கு நடுவே கண்ணாடியிழை அடுக்கைக் கொண்டிருந்தது.

கலப்புக் கவசத்தைவிட நம் கவனத்துக்குரியது, 1980இல் வந்த அமெரிக்க எம்1 ஏபிராம்ஸின் சுழல்மாடப் பின்புறம். குண்டுகளில் பெரும்பாலானவை அங்கே, மனிதர் இருக்கும் அறைக்கு வெளியே, எஃகுக் கதவால் பிரிக்கப்பட்ட தனி அறையில் இருக்கின்றன. குண்டேற்றுபவர் முழங்காலால் விசையை அழுத்தினால் கதவு ஒரு கணம் திறந்து மூடும். அவ்வறையின் கூரைத் தகடுகள் வேண்டுமென்றே வலுக்குறைவாகப் பொருத்தப்பட்டவை. குண்டுகள் வெடித்தால் அத்தகடுகள் பிய்ந்து பறக்க, தீப்பிழம்பு மேல்நோக்கிச் சென்றுவிடும். கதவுக்கு இப்பால் இருப்போர் இறங்கி ஓடலாம். முதலில் வந்த ஏபிராம்ஸின் பீரங்கி அதே பழைய 105 மில்லிமீட்டர்தான் என்பதையும் குறித்துக்கொள்வோம். எதிரியிடம் 125 மில்லிமீட்டர் இருக்க, அமெரிக்கர் சிறிய பீரங்கியோடும் பெரிய காப்போடும் களம் இறங்கினர். ஜெர்மன் ரைன்மெட்டால் நிறுவனத்தின் 120 மில்லிமீட்டர் பீரங்கி 1985இல்தான் அதில் ஏறியது.

அந்தப் பீரங்கியின் பிறப்பிடமான லெப்பர்ட் 2, 1979 முதல் அதைச் சுமந்து வந்தது. குழலின் நீளம் விட்டத்தின் 44 மடங்கு, அதாவது ஏறத்தாழ 5.3 மீட்டர். பின்வந்த வகைகளில் 55 மடங்காக, 6.6 மீட்டராக நீண்டது. குழல் நீண்டால் உந்துவளி ஈட்டியைக் கூடுதல் நேரம் தள்ளும், விரைவு கூடும். பீரங்கியில் ஜெர்மானியர் காட்டிய இந்த முழுமை குண்டு வைப்பில் இல்லை. 42 குண்டுகளில் 15 மட்டுமே மாடத்தின் பின்னே காப்பான அறையில். மீதி 27 முன்னே, ஓட்டுநருக்கு அருகில், தனி அறையும் பிய்ந்து பறக்கும் கூரையும் இன்றி. முன்கவசம் தடித்தது, எதிரி முன்னிருந்தே வருவான் என்ற நம்பிக்கையின் மேல் வைக்கப்பட்டவை அவை. பிரிட்டனோ, நசுங்கிப் பரவி வெடிக்கும் குண்டின்மேல் கொண்ட பற்றினால், சேலஞ்சர் 2 வரை சுருள்வரிக் குழலையே வைத்திருந்தது. அடுத்த சேலஞ்சர் 3 ஜெர்மானிய வரியற்ற குழலுக்கு மாறுகிறது.

1991 பிப்ரவரி 26இல் ஈராக்கியப் பாலைவனத்தில் நிகழ்ந்த மோதலை இருதரப்பு டாங்கிகளின் தீர்ப்பு நாளாகப் பலர் எழுதுகின்றனர். மணற்புயலின் நடுவே கேப்டன் மெக்மாஸ்டரின் ஒன்பது ஏபிராம்ஸ்கள் குடியரசுக் காவற்படையின் நிலைகள்மேல் பாய்ந்தன. 23 நிமிடத்தில் 28 டாங்கிகளை அழித்ததாக அவ்வணியினர் கணக்குத் தருகின்றனர். தம் தரப்பில் இழப்பில்லை. ஆனால் ஈராக்கியரிடம் இருந்தவை ஏற்றுமதிக்கெனக் குறைத்துச் செய்யப்பட்ட டி-72கள். அவற்றின் குண்டுகள் பழைய எஃகு ஈட்டிகள். புழுதியை ஊடுருவிப் பார்க்கும் வெப்பக் காட்சிக் கருவி அமெரிக்கரிடம் இருந்தது, எதிர்நின்றோரிடம் இல்லை. காணாதவனின் பீரங்கி எத்தனை மில்லிமீட்டராயிருந்து என்ன?

அப்போரில் நம் கேள்விக்கு விடை தருவது வேறொரு கணக்கு. முழுதும் அழிந்த ஏபிராம்ஸ்கள் ஒன்பது. அவற்றுள் ஏழு, சொந்தப் படையின் குண்டுகளாலேயே அழிந்தன. மற்ற இரண்டு, எதிரி கைக்குப் போகாதிருக்க அமெரிக்கராலேயே அழிக்கப்பட்டவை. தம் கவசத்தைத் தம் பீரங்கியே துளைத்தது.

தடுக்கும் முறைகளில் மற்றொரு கிளையும் இதற்குள் வளர்ந்திருந்தது. கவசத்தின்மேல் செங்கல் போன்ற பெட்டிகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் இரு தகடுகளின் நடுவே வெடிமருந்தை வைத்தால், பாய்ந்துவரும் செம்புத் தாரையே அதை வெடிக்கச் செய்து, விலகும் தகடுகளால் வெட்டுண்டு போகும். ஜெர்மானியரான மான்ஃபிரட் ஹெல்டின் ஆய்விலிருந்து வளர்ந்த இந்த எதிர்வெடிக் கவசம், 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய டாங்கிகளில் தோன்றியது. சோவியத் விரைந்து கற்றுக்கொண்டு, பின்னர் ஈட்டியையும் ஓரளவு முறிக்கும் கனத்த வகையைச் செய்தது. ஆனால் கருவி இருப்பது வேறு, அதை ஆயத்தம் செய்வது வேறு. 1994 டிசம்பர் 31இல் ரஷ்யக் கவசப் படை குரோஸ்னி நகருக்குள் நுழைந்தபோது, பல டாங்கிகளின் மேலிருந்த பெட்டிகளில் வெடிமருந்தே இடப்பட்டிருக்கவில்லை. மாடி வீடுகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் தோள்குழாய்கள் சுட்டன. பீரங்கியை அத்தனை உயரத்துக்குத் தூக்கவோ அத்தனை தாழ இறக்கவோ இயலாது. கூரையும் பக்கமும் துளைபட்டன; அடியிலிருந்த உந்துமருந்து தன் வேலையைச் செய்தது.

வருவதை வழியிலேயே இடைமறிக்கும் எண்ணமும் சோவியத்தில் பிறந்ததே. 1980களின் தொடக்கத்தில் டி-55 டாங்கிகள் சிலவற்றில் பொருத்திய டிரோஸ்டு, ராடாரால் ஏவுகணையைக் கண்டு சிதறு குண்டால் அடிக்கும் முதல் ஏற்பாடு. அதே வழியில், மிக நுட்பமாகச் செய்யப்பட்ட இஸ்ரேலிய 'டிரோஃபி', 2011 மார்ச் 1இல் காஸா எல்லையருகே மெர்காவா ஒன்றின்மேல் வந்த குண்டை இடைமறித்தது. களத்தில் அதன் முதல் வெற்றி அது. இன்று ஏபிராம்ஸிலும் லெப்பர்டிலும் அதைப் பொருத்துகின்றனர்.

இனி நம் பக்கம். சிங்கப்பூர் தன் முதல் டாங்கிகளை 1969 தேசிய தின அணிவகுப்பில் காட்டியது. இஸ்ரேலிடமிருந்து வாங்கிய 72இல் 30, அன்று பாடாங்கில் உருண்டன. ஏஎம்எக்ஸ்-13 என்ற அந்தப் பிரெஞ்சு டாங்கியும் எந்திரமே குண்டேற்றும் வகைதான். ஆனால் குண்டுகள் மனிதருக்கு அடியில் இல்லை. ஆறாறாக இரு உருளைகளில் மாடத்தின் பின்னே இருந்தன. பன்னிரண்டும் தீர்ந்தால் பின்வாங்கி, வெளியே இறங்கி நிரப்ப வேண்டும் என்பது அதன் குறை. பிரான்ஸ் பின்னர் லெக்லெர்க் டாங்கியிலும் எந்திர ஏற்றியை மாடத்தின் பின்னறையிலேயே, மனிதரிடமிருந்து பிரித்து வைத்தது. ஆகவே குற்றம் எந்திர ஏற்றியின்மேல் இல்லை; அதை எங்கே வைத்தோம் என்பதில்தான்.

இன்று சிங்கப்பூரிடம் ஜெர்மனியிலிருந்து வந்து கவசம் கூட்டப்பட்ட லெப்பர்ட் 2 இருக்கிறது. மலேசியாவிடம் டி-72இன் வழிவந்த போலந்து நாட்டு பிடி-91எம் 'பெண்டேகார்' 48 உள்ளன; 125 மில்லிமீட்டர் பீரங்கி, அடியில் சுழலும் தட்டு, மேலே எதிர்வெடிக் கவசம். பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் இருவேறு விடைகள் நிற்கின்றன. ஆவடியிலோ ஒரே தொழிற்சாலையில் இரண்டும் கட்டப்பட்டன. டி-72இன் இந்திய வடிவமான அஜேயாவும், நால்வர் ஏறும் 120 மில்லிமீட்டர் அர்ஜுனும் அங்கிருந்தே புறப்பட்டவை. கையால் குண்டேற்றும் கனத்த டாங்கியா, எந்திரம் ஏற்றும் இலகுவான டாங்கியா என்ற வழக்கு இந்தியப் படையில் பல ஆண்டுகள் நடந்தது. எண்ணிக்கையில் வென்றது இலகுவானதே.

லெப்பர்டின் 27 குண்டுகளுக்குச் சோதனை வந்தது 2016இன் இறுதியில், சிரியாவின் அல்-பாப் நகரருகே. துருக்கியின் லெப்பர்ட் 2ஏ4கள் முன்கவசம் எதிரிக்குக் காட்டி நகரும் களமன்று அது. பக்கத்திலிருந்து ஏவுகணைகள் தாக்கின. சுழல்மாடம் பெயர்ந்து தனியே கிடக்கும் லெப்பர்ட் படங்கள் 2017 ஜனவரியில் வெளிவந்தபோது, அது டி-72க்கு மட்டுமே நேரும் என்று எண்ணியிருந்தோர் திகைத்தனர்.

2022 முதல் உக்ரேனில் இரு தரப்பும் சோவியத் வழிவந்த டாங்கிகளையே பெரிதும் ஓட்டின. மாடம் பெயர்ந்த ஊர்திகளின் படங்கள் நாள்தோறும் வந்தன. 2023 செப்டம்பரில் சேலஞ்சர் 2 ஒன்று முதன்முறையாக எதிரியின் தாக்குதலில் அழிந்தது. உள்ளிருந்தோர் பிழைத்தனர் என்று பிரிட்டிஷ் தரப்பு கூறியது. அதே ஆண்டில் வந்த 31 ஏபிராம்ஸ்களும் இழப்புக்குத் தப்பவில்லை. ஒரு கைத்தொலைபேசியைவிடச் சற்றே பெரிய திரையைப் பார்த்து ஒருவர் செலுத்தும் சிறு டிரோன், எவ்வகை டாங்கியானாலும் மிக மெல்லிய இடமான கூரையைத் தேடி இறங்குகிறது. கம்பிக் கூண்டுகளையும் வலைகளையும் தலைமேல் கட்டிக்கொண்டு டாங்கிகள் நகர்கின்றன. நூறு கோடி செலவில் செய்த ஊர்தியின்மேல் கொல்லர் பட்டறையில் அடித்த கூடாரம் நிற்பதைப் பார்க்கையில் சிரிப்பு எழலாம், உள்ளிருப்பவருக்கு எழாது.

ரஷ்யா இதற்கு முன்பே தன் பழைய கணக்கைத் திருத்தத் தொடங்கியிருந்தது. 2015 மே மாதம் மாஸ்கோ அணிவகுப்பில் தோன்றிய டி-14 அர்மாட்டாவின் சுழல்மாடத்தில் ஆளில்லை. பீரங்கி 125 மில்லிமீட்டர்தான், குண்டேற்றுவது எந்திரம்தான். ஆனால் மூவரும் முன்னே தனிக் கவச அறைக்குள் அமர, குண்டுகள் அவர்களுக்குப் பின்னே சுவருக்கு அப்பால் சென்றுவிட்டன. ஆளற்ற மாடம் பெயர்ந்தாலும் அறை நிற்கும் என்பது எண்ணம். பெருமளவில் அது இன்னும் படைக்கு வரவில்லை; களத்தில் இருப்பவை பழைய தட்டின் மேல் மனிதர் அமரும் ஊர்திகளே. அமெரிக்கரோ எதிர்ப்புறத்திலிருந்து வருகின்றனர். ஏபிராம்ஸின் எடை ஒவ்வொரு திருத்தத்திலும் ஏறி 66 டன்னைத் தொட்டபின், பாலங்கள் தாங்குமா, பழுதான ஊர்தியை இழுத்துச் செல்ல எது உள்ளது என்ற பழைய சோவியத்துக் கேள்விகள் அவர்களையும் வந்தடைந்தன. திட்டமிட்டிருந்த அடுத்த திருத்தத்தை 2023 செப்டம்பரில் கைவிட்டு, எடை குறைந்த புதிய வடிவமான எம்1இ3ஐ வரையத் தொடங்கியிருக்கின்றனர்.